மெர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரூம் காட்டுவது

ஹோம்ஸ்டேயில் சமைத்துப் போட்டு, ரூம் துடைத்து, படுக்கை விரிக்கிற வேலையில் பாதி கைக்கு, பாதி வாய்க்கு. கை வேலை பாத்திரம் கழுவியதோடு முடிந்துவிடும். வாய் வேலைதான் அதற்குப் பிறகும் நெஞ்சில் கிடந்து அரிக்கும். இவர்களிடம் அப்படிச் சொன்னோமே, அவர்களிடம் வேறு மாதிரி சொன்னோமே, இரண்டு குடும்பமும் காலையில் தோசைக்கு ஒரே மேஜையில் உட்காருவார்களே என்று. இந்த வேலையில் இருக்கிற அக்கா தங்கைகளுக்கு நான் சொல்வது புரியும்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வரும் எஸ்டேட் ஓரத்தில். மூன்று ரூம். முன்வாசலிலிருந்து பக்கவாட்டாகப் பின்வேலி வரை புல்தரை. வேலிக்கு அப்புறம் சில்வர் ஓக் மரங்கள், அதற்கும் அப்புறம் காடு. ஓனர் சேலத்தில் இருக்கிறார். சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மகள் மெர்சியும் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குக் காபி, மிளகு வேலைக்குப் போகிறார். வீடு என் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் அடுப்புப் பற்ற வைத்ததில்லை.

மெர்சி நாலாம் வகுப்பு. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கணக்கும் இங்கிலீசும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. ஜெபமும், பத்துக் கட்டளையும், பொய் சொல்லக் கூடாது என்பதும் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தவை. மற்ற பாடமெல்லாம் அவளுக்குச் சுமார்தான். நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் ஒரு எழுத்து விடாமல் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வளர்க்கிற கிறிஸ்தவத் தாய்மார்களே, என்னோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

வெந்நீர்

எங்கள் மாடியில் சோலார் இருக்கிறது. வெயில் அடித்தால் குழாயைத் தொட முடியாது. பனி இறங்கிவிட்டால் அதே குழாயில் வருகிற தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். இதற்கு ஓனர் எனக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். எப்போதும் வரும் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால், இப்போதுதான் நின்றது என்று சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் லீவில் கோயம்புத்தூரிலிருந்து வயதான கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா காரை விட்டு இறங்கியதும், "வெந்நீர் எப்பவும் வருமுங்களா?" என்று கேட்டார். "வருமுங்க" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மெர்சி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். "அம்மா, நேத்து வரலீங்களே. பெங்களூர்க்காரங்க பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டு அந்தக் கத்துக் கத்துனாங்களே" என்று எனக்கு ஞாபகப்படுத்தினாள். வேண்டுமென்றே மாட்டிவிடுகிற பிள்ளையாக இருந்தால் முதுகில் ஒன்று வைக்கலாம். இவள் எனக்கு உதவி அல்லவா செய்கிறாள்? அந்தப் பெரியவர் வராந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அம்மணி, நீங்க போயி அடுப்புல தண்ணி வெய்யுங்க. பாப்பா, நீ இப்படி உக்காரு கண்ணு, இன்னும் நாலு விசயம் கேக்கோணும்."

புள்ளிக்கோழி

நாங்கள் கொஞ்சம் கோழி வளர்க்கிறோம். முட்டைக்காக மட்டும். அதில் ஒரு புள்ளிக்கோழி மெர்சியுடையது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல் வரை போய்க் கூட்டி வரும். ஒரு நாள் காலையில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, "அக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு கிடைக்குமா? கடைக்கோழி வேண்டாம்" என்று கேட்டார். நான் முற்றத்தைக் காட்டி, "இதா மேயுதுங்களே, நம்ம கோழிதானுங்க" என்றேன். மெர்சி அப்போது ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கறி வழக்கம்போல ஒண்டிக்கடை பிராய்லர் கடையிலிருந்து பையில் வந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து ஊற்றி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று பார்த்துப் புள்ளிக்கோழி வாசலுக்குப் போகாமல் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மெர்சி முகம் வீங்கி வந்தாள். சாப்பிட மாட்டேன் என்றாள். ஊரில் காய்ச்சல் நடமாடுகிற நேரம். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மருந்து தேடி, பயந்துகொண்டே பரிமாறிக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்துக்குக் கோழிகளை அடைக்க அவள்தான் போக வேண்டும், போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கத்தல். கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விருந்தாளிகள் சாப்பிடுகிற இடத்துக்கு நேராக ஓடி வந்தாள். "அம்மா! புள்ளி இருக்குதுங்கம்மா! எல்லாக் கோழியும் இருக்குது, ஒன்னுகூடச் சாவல!" அந்தத் தம்பி கையில் எலும்போடு கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப என் தட்டுல இருக்கறது யாருக்கா?"

மறைக்கல்வி வகுப்பு

கோழிக்குழம்பு வைத்த அன்று முழுக்க அவள் பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள், நான் சொன்னதை நம்பி. எனக்கு அது ரொம்ப நாள் உறுத்தியது.

மெர்சிக்கு இந்த வருஷம் புதுநன்மை. பூசையில் முதல் முறை நற்கருணை அப்பம் வாங்குவதை நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதரிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிஸ்டர் வகுப்பு எடுப்பார். உங்கள் பாவங்களையெல்லாம் இப்போதிருந்தே நினைத்துப் பாருங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. பெருக்கும்போது, துணி மடிக்கும்போது, பின்னாலேயே வருவாள்.

"அம்மா, புள்ளிய அறுத்துட்டீங்கன்னு நெனச்சு உங்க மேல கோவமா இருந்தேன். அது பாவங்களா?"

"சின்னப் பாவம்தான் கண்ணு."

"நீங்கதான் அறுக்கவே இல்லையே. அப்ப அது என்ர பாவமா, உங்க பாவமா?"

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

அடுத்த ஞாயிறு சிஸ்டர் என்னைக் கோயில் கேட் பக்கம் கூப்பிட்டார். வகுப்புக்கு லேட்டாக வருகிறாளோ, ஜெபம் மனப்பாடம் ஆகவில்லையோ, வெள்ளை கவுன் தைக்கச் சொல்லப்போகிறாரோ என்று கும்பிட்டுக்கொண்டே போனேன். "பெரியவங்க பொய் சொல்லும்போது பக்கத்துல சும்மா நிக்கறது பாவமான்னு மெர்சி கேட்டா" என்றார். நாலு அடி தள்ளி மற்ற அம்மாமார்கள் நின்றார்கள். "எந்தப் பெரியவங்கன்னு சொன்னாளுங்களா சிஸ்டர்?" என்றேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புதுநன்மைக்கு மெர்சி தயாராத்தான் இருக்கா. நீங்கதான் கொஞ்சம் தயாராகணும்."

வாய் திறக்கக் கூடாது

சீசன் ஆரம்பித்தது. ஓனர் போன் செய்தார். பக்கத்தில் எங்கேயோ காட்டெருமை வந்து நின்றதை யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்களாம், புக் பண்ணினவர்கள் பயந்து விசாரிக்கிறார்களாம். "ஸ்டெல்லாக்கா, கேட்டா அதெல்லாம் கீழ காட்டோட சரி, இங்க வராதுன்னு சொல்லிருங்க. வெந்நீர் விசயத்தையே யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காட்டெருமை எங்கள் வேலி வரைக்கும் வரும். பின்வேலி ஓரம் ஒரு பலாமரம் நிற்கிறது. பழுத்து வாசம் கிளம்பினால், பனி விழுகிற சாயங்காலங்களில் ஒன்று வந்து நிற்கும். நானும் பார்த்திருக்கிறேன், மெர்சியும் பார்த்திருக்கிறாள். தட்டைக் கரண்டியால் தட்டினால் போய்விடும், பெரும்பாலும். ஓனரிடம் நான் இதைச் சொன்னதில்லை. சொன்னால் இடத்தையே விற்றுவிடுவாரோ என்று பயம்.

மெர்சியை உட்கார வைத்துச் சொன்னேன். "சாமி, இனிமே வர்றவங்க முன்னாடி நீ வாயே தொறக்கக் கூடாது. தொறந்தா நமக்கு இந்த ஊடு இருக்காது." அவள் யோசித்தாள். "பொய் சொல்ல வேண்டாமுங்களா?" "வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்." அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையையும் பாவத்தில் தள்ளாமல், வேலையையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே கேட்டார்: "அவளச் சும்மா இருக்கச் சொல்லிட்ட. உன்னய யாரு சும்மா இருக்கச் சொல்றது?"

தட்டும் கரண்டியும்

மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்து, சாயங்காலம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் புல்தரையில் பந்து விளையாடினார்கள். பந்து அடிக்கடி பின்வேலிப் பக்கம் உருண்டது. பலாப்பழ வாசம் சமையலறை வரைக்கும் வந்தது.

அந்தப் பெண் டீ கேட்க வந்தவள், ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இங்க மிருகம் எதுவும் வராதில்ல?" என்றாள். மெர்சி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க, அதெல்லாம் கீழ காட்டோட சரிங்க" என்றேன். அந்தப் பெண் நிம்மதியாக வராந்தாவில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மெர்சி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பெரிய தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். பஜ்ஜி ஒரு ஈடு எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டபோது ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பந்தைத் துரத்துகிறார்கள். அவர்களைத் தாண்டி, பலாமரத்தடியில், வேலியை ஒட்டி மெர்சி நிற்கிறாள். முதுகு எங்கள் பக்கம். முகம் காட்டைப் பார்த்து. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி. நான் சொன்னபடி அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுப்பை அணைக்கவில்லை, செருப்புப் போடவில்லை. ஓடிப்போய் அவளை ஒரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டு, மறு கையால் வராந்தாவைப் பார்த்து ஆட்டிக்கொண்டு கத்தினேன். "ஏனுங்க, புள்ளைங்கள உள்ளார கூப்புடுங்க! காட்டெருமை இங்க வருமுங்க! வராதுன்னு நாஞ் சொன்னது பொய்யிங்க!"

எல்லோரும் உள்ளே ஓடினோம். கதவைச் சாத்தினோம். பஜ்ஜி கரியாகிப் போயிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வருகிற நாளில் வராது என்று சொன்னேன், வரும் என்று சொன்ன நாளில் கண்ணுக்குத் தெரியும்படி வந்து நிற்கக் கூடாதா? விடிந்து பார்த்தால் துணி துவைக்கிற கல் வரை குளம்புத் தடம்.

இன்னும் இரண்டு நாள் தங்க வேண்டியவர்கள் அன்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் திட்டவில்லை. மெர்சி கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, கன்னத்தைத் தொட்டாள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "மொதல்லயே வரும்னு சொல்லியிருந்தா உள்ள இருந்து வேடிக்கை பார்த்திருப்போம்க்கா. இப்ப நீங்க காபின்னு குடுத்தாக்கூட இது என்னவோன்னு தோணுது."

பாவசங்கீர்த்தனம்

ஓனர் போனில் சொன்னது ஒரே வார்த்தைதான், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று. அதற்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். நான் ஒரு பக்கம் மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வாழவந்தியில் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டில் கோழிகளை விடுவார்களா என்றுகூட யோசித்தாகிவிட்டது. இன்னொரு பக்கம், இந்தப் பிள்ளை உள்ளே போய் ஃபாதரிடம் என்னென்ன சொல்லப்போகிறதோ என்ற பயம். அவளிடம் சொந்தப் பாவம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சொல்வதற்கு இருப்பதெல்லாம் என்னுடையதுதான்.

போனாள், வந்தாள். முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள். பக்கத்தில் நகர்ந்து, "என்ன சொன்ன கண்ணு?" என்று காதில் கேட்டேன். "அது வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா" என்றாள். பிறந்ததிலிருந்து எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. முதல் தடவையாக ஒன்றைத் தனக்குள் வைத்துக்கொண்டாள், அதுவும் எனக்குத் தேவையான ஒன்றை.

பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் போகலாம் என்றார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். வெந்நீரைச் சொன்னேன், கோழியைச் சொன்னேன், காட்டெருமையைச் சொன்னேன். எழுந்த பிறகு ஞாபகம் வந்து மறுபடி முழங்கால் போட்டு, பொங்காத பாலையும் சொன்னேன். வெளியே வந்தால் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கோயில் படியில் மெர்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "எனக்குச் சுருக்குன்னு முடிஞ்சுதுங்கம்மா. உங்களுக்கு ஏன் இத்தன நேரம்?"

ஓனர்

மறுநாள் பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் ஓனருடைய கார் நின்றிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. "யாருக்கா சொன்னது? பாப்பாவா?" என்றார். மெர்சி என் பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கலாம் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை, அதனால் உதடு மூடியே இருந்தது. பாப்பா என்று சொல்லிவிட்டால் சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார். அது எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"பாப்பா வாயே தொறக்கலீங்க. நாந்தானுங்க சொன்னேன்" என்றேன். "முன்னாடி வராதுன்னு சொன்னதும் நாந்தானுங்க. அது வேலி வரைக்கும் வருதுங்க. போன வருசமும் வந்துச்சுங்க."

அவர் எழுந்து பின்வேலிக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஒரு கம்பம் சாய்ந்திருந்தது. பலாப்பழத் தோல் சிதறிக் கிடந்தது. ஈரமண்ணில் ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் ஷூவை வைத்துப் பார்த்தார். "போன மே லீவுல எங்க பசங்க இங்கதான பந்தாடுனாங்க?" என்றார். "ஆமாங்க." "அப்பக்கூட என்கிட்டச் சொல்லல?" "பயந்துக்கிட்டுச் சொல்லலீங்க" என்றேன். மெர்சி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பிடித்தாளா, தைரியம் சொல்லப் பிடித்தாளா, தெரியவில்லை.

திரும்பி நேராகக் காருக்கு நடந்தார். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "பலாப்பழத்தையெல்லாம் இன்னிக்கே எறக்கிருங்க, வேலிக்கு நான் ஆள் அனுப்பறேன். கேக்கறவங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்க, கேக்காதவங்ககிட்ட நீங்களாப் போயிச் சொல்லாதீங்க. மத்தத சீசன் முடியட்டும், பேசிக்கலாம்."

கேட்காதவர்கள்

அந்த மற்றது என்ன என்பதை நினைத்துத்தான் இப்போது நான் கண் விழித்துக் கிடக்கிறேன். மெர்சிக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான். கேட்காதவர்களுடைய பிள்ளைகளும் பந்து விளையாடுவார்களே? இனி நீ பேசலாம், ஆனால் ஓனர் சொன்ன மாதிரிதான் பேச வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். இப்போது கார் வந்து நின்றால் எனக்கு முன்னால் படியில் போய் நின்று, வணக்கம் சொல்லி, இறங்குகிறவர்களிடமெல்லாம் முதல் வார்த்தையாக இதைத்தான் கேட்கிறாள்: "ஏனுங்க, வாங்க. எங்ககிட்ட எதாச்சும் கேக்கோணுமுங்களா?"

பிள்ளைக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கற்றுக்கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதைத்தான் நமக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.